ஐந்தாம் அத்தியாயத்தில் அணைகிற லெப்டொப்

எங்கள் வீட்டில் மனைவி அலறுவதற்கு இதுவரை இரண்டே காரணங்கள்தான் இருந்தன. ஒன்று அட்டை; மற்றது நான். அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் மழை அப்போதுதான் விட்டிருந்ததால் அட்டைக்கு வாய்ப்பு இருந்தது. நான் சமையலறையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். உடைக்கக்கூடியதாக எதையும் தொடவில்லை. ஆகவே அட்டைதான் என்று தீர்மானித்து உப்புப் போத்தலோடு முன்னறைக்கு ஓடினேன்.

அட்டை இல்லை. அவள் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தோளுயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தாள். துப்பாக்கியைக் கண்டவர்கள் அப்படித்தான் வைத்திருப்பார்கள். முன்னால் லெப்டொப். திரை கரிச்சட்டி மாதிரி இருந்தது.

“நான் ஒண்ணுமே பண்ணலங்க. டைப் பண்ணிக்கிட்டே இருந்தேன். பொக்குன்னு போயிருச்சி.”

“சரி, போட்டுப் பாப்போம்” என்று கையை நீட்டினேன். விரல் படுவதற்கு முன்னாலேயே அது தானாக எழுந்தது. முதலில் ஒரு வெளிச்சம், பிறகு உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு, பிறகு அந்தச் சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. செத்த வீட்டில் நடுக்கூடத்தில் கிடத்தியிருப்பவர் எழுந்து உட்கார்ந்து, “வந்தவங்களுக்குத் தேத்தண்ணி குடுத்தாச்சா?” என்று கேட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

எழுந்த பெட்டி நான்கு பக்கங்களை விழுங்கிவிட்டு எழுந்திருந்தது.

“சேவ் பண்ணலியா?” என்று கேட்டேன். இருபத்துநாலு வருடத் தாம்பத்தியத்தில் நான் கேட்ட முட்டாள்தனமான கேள்விகள் நிறைய; இது முதல் ஐந்துக்குள் வரும். அவள் என்னைப் பார்த்த பார்வையில் உப்புப் போத்தலை நானே கீழே வைத்துவிட்டேன்.

என் மனைவி எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே இருக்கும் பாடசாலையில் இருபத்திரண்டு வருடமாக ஆசிரியை. பட்டம் இல்லாத ஆசிரியை. அந்த ‘இல்லாத’ என்ற சொல்லை அழித்துவிட வேண்டும் என்று நாற்பத்தைந்து வயதில் தொலைக்கல்வியில் சேர்ந்தாள். விடியற்காலை எழுந்து, பாடசாலைக்குப் போகுமுன் ஒன்றரை மணித்தியாலம் அந்த லெப்டொப்பின் முன்னால் உட்காருவாள். இப்படி நான்கு வருடம். பாடங்கள் எல்லாம் முடிந்து, மிச்சம் இருந்தது ஓர் ஆய்வறிக்கை. லயத்து வரிசை வீடுகளில் வளரும் பிள்ளைகள் ஏன் பாதியிலே பாடசாலையை விட்டு நின்றுவிடுகிறார்கள் என்பது தலைப்பு. நின்றுபோன பிள்ளைகளின் வீடுகளுக்குத் தானே ஏறி இறங்கி, வாசற்படியில் அம்மாக்களோடு உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு எழுதினாள். போன வருடமே கொடுத்திருக்க வேண்டியது. அந்தச் சமயம் அவள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில், இவளுக்கு அதன் பக்கத்து வாங்குப் பலகை. ஒரு தடவை தவணை நீட்டித்தார்கள். இன்னொரு தடவை நீட்டிக்க மாட்டோம் என்பதையும் அதே கடிதத்தில் எழுதியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குள் இணையத்தில் ஏற்றாவிட்டால் பதிவு ரத்து. நான்கு வருடமும் ரத்து. முதல் நான்கு அத்தியாயங்கள் பென் டிரைவில் பத்திரமாக இருந்தன. ஐந்தாவது, அதாவது இவ்வளவுக்கும் பிறகு அவள் என்ன சொல்கிறாள் என்கிற அத்தியாயம், இனித்தான் எழுத வேண்டும்.

வேறு கணினி இல்லையா என்று கேட்பீர்கள். பாடசாலையில் ஒன்று இருக்கிறது. கூரை ஒழுகுவதால் பொலித்தீன் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறார்கள். அவிழ்த்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. கையால் எழுதிப் பசறை டவுனில் கொடுத்து டைப் பண்ணலாம் என்றால், அவள் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். அதுவும் அன்றைக்கே வாசித்தால்.

“இன்னொரு தடவ முதல்ல இருந்து படிக்க எனக்கு ஆயுசும் இல்ல, ஆசையும் இல்ல” என்றாள்.

“நான் இருக்கேன்ல” என்றேன்.

அவள் முகத்தில் கவலை கூடியதைக் கவனித்தேன்.

எனக்குப் பதுளையில் ஒரு காரியாலயத்தில் எழுதுவினைஞர் வேலை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒன்றுக்கு மாதம் இரண்டு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். வீட்டில் நான்கு அலுமாரி புத்தகம். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவனும் நான்தான். கடைசியாக வந்த கட்டுரை சரஸ்வதி பூசையைப் பற்றியது. புத்தகத்தோடு நிறுத்தாமல் ஃப்ரிஜ்ஜுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் டிவி ரிமோட்டுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக் கும்பிடுகிறவர்களைக் கிண்டல் பண்ணியிருந்தேன். நாலு பேர் போன் எடுத்துச் சிரித்தார்கள். பகுத்தறிவு இவ்வளவு சுலபமா என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அந்தப் பகுத்தறிவோடு லெப்டொப்பை நெருங்கினேன். போனில் வீடியோக்கள் பார்த்தேன். ஒரு வீடியோவில் ஒருவர் இது வைரஸ் என்றார். இன்னொருவர் சூடு என்றார். மூன்றாமவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொன்னார். மூன்றாமவரை மனைவிக்குக் காட்டாமல் மறைத்தேன். சூடு என்றவரைப் பிடித்துப்போனது, ஏனென்றால் அதில் குற்றம் அவள் பக்கம் இருந்தது.

“கட்டில்ல மெத்த மேல வச்சி வேல செஞ்சா சூடாகாம என்ன செய்யும்? அதுக்கும் மூச்சு விடணும்ல?”

“நான் கட்டில்ல வச்சே இல்லியே.”

“அடுப்படிக்குப் பக்கத்தில வச்சிருப்ப.”

“அடுப்படியில இருந்தது நீங்க.”

குளிர்ச்சியான இடம் வேண்டும் என்று யோசித்து, அம்மிக்கல்லைக் கழுவித் துடைத்து, முன்னறையில் போட்டு, அதன்மேல் லெப்டொப்பை வைத்தேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மொளகாயும் கொஞ்சம் எடுத்தாரவா? ரெண்டையும் சேத்து அரைச்சிருங்க.”

பதினோராவது நிமிடத்தில் அம்மியின் மேலிருந்தபடியே அது அணைந்தது. பன்னிரண்டாவதில் எழுந்தது. இந்தத் தடவை கோப்பைத் திறந்தபோது, அவள் எழுதியிருந்த கடைசிப் பந்தி முழுவதும் சின்னச் சின்னச் சதுரமாக மாறியிருந்தது. ஒரு தாய் சொன்ன பதில் இருந்த இடத்தில் வரிசை வரிசையாகப் பெட்டிகள், மேலிருந்து பார்த்தால் லயம் மாதிரி. அவள் அலறவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள். அது அலறலை விட மோசமாக இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவளுடைய அண்ணன் வந்தார். தோட்டத்து பேக்டரியில் எலக்ட்ரீசியன். கொழுந்து அரைக்கிற ரோலரிலிருந்து துரை பங்களா கோலிங் பெல் வரை எல்லாம் அவர் கைவசம். டெஸ்டரைச் சட்டைப் பையில் பேனா மாதிரி குத்தியிருப்பார். பேனா வைத்திருக்க மாட்டார்.

“மாப்பிள்ள, அம்மிய ஏன் உள்ள கொண்டாந்திருக்கீங்க?”

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது.

ப்ளக் பொயின்டைக் கழற்றினார். உள்ளே எர்த் வயரைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக வெளியே போனார். பின்னாலேயே போனோம். வயர் கூரைக்குக் கீழே ஓடி, சுவரில் இறங்கி, என் மனைவியின் ரோசாச் செடி வைத்த சாடிக்குள் போய் முடிந்தது. அவ்வளவுதான். பூமிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

“பத்து வருசமா ஒங்க வீட்டுக் கரண்டு ரோசாச் செடிக்குத்தான் போயிருக்கு” என்றார்.

பத்து வருடம் வெறுங்காலோடு நின்று உடுப்பு இஸ்திரி போட்டிருக்கிறேன். அவர் அங்கேயே இரும்புக் கம்பி ஒன்றை அடித்து, வயரைக் கட்டி, உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். உப்புப் போத்தலுக்குக் கடைசியில் ஒரு வேலை வந்தது. பிறகு உள்ளே வந்து, சார்ஜர் வயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டரியில் மட்டும் ஓடவிட்டார். மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். ஏழாவது நிமிடத்தில் அணைந்தது.

“வயரே இல்லாம அணையிதுன்னா, இது கரண்டு வியாதி இல்ல தங்கச்சி. அதோட சொந்த வியாதி” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு லெப்டொப்பைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பதுளை பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், மாடிப்படி ஏறினால், கணினி திருத்துகிற ஒரு கடை. நடத்துகிறவர் நாற்பது வயதுப் பெண்மணி. மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துவிட்டு, இன்னொன்றைக் கண்ணில் போட்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். நோயாளியைத் தவிர வேறு யாரையும் பார்க்காத வைத்தியரைப் போல, நான் சொன்னதை எல்லாம் கேட்காமல் லெப்டொப்பைப் போட்டு, ஒரு படத்தை ஓடவிட்டார்.

ஓடியது. ஒரு மணித்தியாலம். இரண்டு. நான் கீழே போய்ச் சோறு சாப்பிட்டுவிட்டு வந்தேன். படம் முடிந்து இரண்டாவது படத்தில் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது.

“சேர், இதுக்கு ஒண்ணுமில்ல.”

“இருக்கு. அணையும்.”

“எப்ப?”

“நாங்க பாத்துக்கிட்டு இருந்தா.”

அவர் என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். சந்தேகம் லெப்டொப்பிலிருந்து என் பக்கம் மாறியது தெரிந்தது. இருந்தாலும் பின்பக்கத்தைக் கழற்றித் தூசி தட்டி, விசிறியைத் துடைத்து, மெமரியைக் கழற்றி மாட்டித் தந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வாசலிலேயே நின்று, “குணமாயிருச்சி” என்று அறிவித்தேன். மனைவி கை கழுவிக்கொண்டு ஓடிவந்து உட்கார்ந்தாள். ஒரு பக்கம் எழுதினாள். இரண்டு பக்கம். மூன்றரை மணிக்கு வழக்கம்போலப் பனிமூட்டம் தேயிலை மலையிலிருந்து இறங்கி, வேலியைத் தாண்டி, ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தது.

அணைந்தது.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“நான் ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லல. இது நேத்து தொடங்கினது இல்லங்க. பூசைக்கு மறுநாள்ல இருந்தே இப்பிடித்தான். ஒண்ணு ரெண்டு தடவ அணைஞ்சிச்சி. பயந்துக்கிட்டு சொல்லல.”

“இதில என்ன பயம்?”

“சரஸ்வதி முன்னால வச்சிக் கும்பிட்டு எடுத்த மறுநாளே அணையிதுன்னா என்ன அர்த்தம்? போன வருசம் அம்மாவுக்கு அப்பிடி ஆச்சி. இந்த வருசம் இது. வேணாம்னு சொல்றா. எனக்கு விதிக்கல.”

நான் சிரித்தேன். இதை எழுதுகிற கையாலேயே என்னை அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது, ஆனால் சிரித்தேன். “அவளுக்கு வேற வேல இல்லியா, ஒன் ஐந்தாம் அத்தியாயத்தப் பாத்துக்கிட்டு இருக்க?” என்றேன். நன்றாக அமைந்த வாக்கியம். கட்டுரைக்கு ஆகும் என்றுகூட மனத்தில் குறித்துக்கொண்டேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மறுபடியும் பதுளை. கடைக்காரப் பெண்மணி கதவைத் திறந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சாவியோடு அப்படியே நின்றார்.

“சேர், ஒங்க வீடு எந்தப் பக்கம்?”

“பசறைக்கு மேல.”

“குளிரா?”

“பனி வீட்டுக்குள்ள வரும்.”

அவர் உள்ளே போய் விளக்கைப் போட்டார். லெப்டொப்பைத் திறந்து, இந்தத் தடவை படம் ஓடவிடவில்லை. விசைப்பலகையின் மேல் மூலையில், ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவில் வட்டமாக ஒரு பட்டன் இருக்கிறது. அதை அமத்தித்தான் போடுவோம், அணைப்போம். அதை விரலால் மெதுவாக அமத்திவிட்டு எடுத்தார். பட்டன் உள்ளே போனது. வெளியே வர அவசரப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை எழும்பச் சொன்னால் நான் எழும்புவதுபோல, யோசித்து யோசித்து எழும்பியது.

“அட” என்றார்.

தலையிலிருந்த கண்ணாடியையும் கண்ணுக்கு இறக்கிக்கொண்டார். பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, பட்டனைச் சுற்றியிருந்த இடுக்கில் சுழற்றி எடுத்தார். பஞ்சு மஞ்சளாக வந்தது. இன்னொன்று. அதுவும் மஞ்சள். அந்தச் சின்னக் கடையில், ஈயம் உருக்கிய வாசத்துக்கும் பழைய வயர் வாசத்துக்கும் நடுவே, மெதுவாக ஒரு கோயில் வாசம் எழுந்தது.

அவர் பஞ்சை மூக்கருகே கொண்டுபோனார். “சேர்... இது சந்தனம்.”

அவர் விளக்கிக்கொண்டிருந்தார். சந்தனம் பட்டனின் இடுக்கில் இறங்கியிருக்கிறது. காய்ந்தால் சும்மா கிடக்கும், பனிக்கு ஊறினால் பசை. பட்டன் உள்ளே ஒட்டிக்கொண்டால், யாரோ விரலை எடுக்காமல் அமத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து மெசின் அணையும். கொஞ்சம் விட்டு மறுபடி ஒட்டினால், போடச் சொல்கிறார்கள் என்று நினைத்து எழும்பும். பதுளை வெயிலில் அதற்கு ஒரு நோயும் இல்லை. எல்லாம் கேட்டது. ஆனால் நான் வேறு ஓர் இடத்தில் இருந்தேன்.

பூசையன்று காலை. மனைவி கை நிறைய அவலும் வெல்லமுமாக, “இந்தாங்க, சந்தனத்த எடுத்து நீங்களே எல்லாத்துக்கும் பொட்டு வச்சிருங்க, எனக்குப் பாடசாலையில வாணி விழாவுக்கு நேரமாச்சி” என்று கிண்ணத்தைத் தந்துவிட்டுப் போனாள். முணுமுணுத்தபடி வைத்தேன். புத்தகங்களுக்கு, அவளுடைய சிவப்புப் பேனாவுக்கு, அரிவாளுக்கு. லெப்டொப்பின் மூடியில் ஒன்று. அதோடு நின்றிருக்க வேண்டும். வீட்டில் யாரும் இல்லை. மூடியைத் திறந்தேன். விடியற்காலைகளில், நான் போர்வைக்குள் இருக்கும்போது, அவள் முதலில் தொடுவது அந்தப் பட்டனைத்தான் என்று நினைவு வந்தது. இருட்டில் ‘டிக்’ என்று ஒரு சத்தம், பிறகு சுவரில் நீல வெளிச்சம். நான்கு வருடமாக அந்தச் சத்தத்துக்குத்தான் புரண்டு படுத்திருக்கிறேன். சந்தனத்தைத் தாராளமாக எடுத்து அந்தப் பட்டனின் நடுவில் வைத்து, நன்றாகப் பதியட்டும் என்று அமத்தியும் விட்டேன். “இவ முடிக்கட்டும்” என்றேன். வாய்விட்டே சொன்னேன். பிறகு யாராவது பார்த்தார்களா என்று ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு, கடலை சாப்பிடப் போய்விட்டேன். மேலே தெரிந்த பொட்டை அவள் மறுநாள் துடைத்திருப்பாள். இடுக்கில் இறங்கியதை யார் கண்டது?

“மிஸ் பூசைக்கு வச்சிட்டாங்க போல” என்று என் ஆசிரியை மனைவியை நினைத்துக் கடைக்காரப் பெண்மணி சொல்லிக்கொண்டிருந்தார். முதல்முறையாகச் சிரித்தார். “சேர் தானே ஃப்ரிஜ்ஜுக்குப் பொட்டு வைக்கிறவங்களப் பத்தி பேப்பர்ல எழுதினது? எங்க வீட்ல எல்லாரும் வாசிச்சோம். மிஸ்ஸுக்கு நீங்க வாசிக்கக் குடுக்கலியா?”

நான் தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவர் ‘ஆமாம்’ என்று எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு நிம்மதி வந்தது. லெப்டொப் சரியாகிவிட்டது. வெள்ளி நான்கு மணிக்கு இன்னும் ஒரு நாளுக்கு மேல் இருக்கிறது. பட்டனில் ஏதோ அழுக்கு என்று சொன்னால் போதும். அழுக்குக்கு ஊர் பேர் கேட்கவா போகிறாள்?

வீட்டுக்கு வந்தேன். லீவில் இருந்த மனைவி முன்னறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன் வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மேசையில் மூன்று மாதமாகப் பரந்து கிடந்த அவளுடைய குறிப்புக் கொப்பிகள் ஒன்றையும் காணவில்லை. அண்ணாந்து பார்த்தேன். நூல் போட்டுக் கட்டி, அலுமாரியின் மேல், பழைய சூட்கேஸுக்குப் பின்னால் தள்ளியிருந்தாள்.

“லெப்டொப் சரியாயிருச்சி” என்றேன்.

“நல்லது. நீங்க கட்டுரை எழுதுங்க.”

“நீ?”

“நான் முடிவு பண்ணிட்டேங்க. அழுது கிழுதெல்லாம் பாத்தாச்சி. வேணாம்னு சொல்ற எடத்தில போய் நிக்கக் கூடாது.” குரலில் அழுகை இல்லை. பாடசாலையில் மணி அடித்த பிறகு கரும்பலகையைத் துடைக்கிறவளின் குரல் அது.

அழுக்கு என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நம்பிவிட்டு, அந்த அழுக்கை அனுப்பியதும் சரஸ்வதிதான் என்று வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்திருப்பாள்.

“அது சரஸ்வதி இல்ல. நான்” என்றேன்.

“என்ன நீங்க?”

“பொட்டு. பட்டன்ல. சந்தனம் உள்ள எறங்கி ஒட்டிக்கிச்சி. நான்தான் வச்சேன்.”

வெங்காயம் கையிலிருந்து உருண்டு கதிரைக்கடியில் போனது. அவள் அதிர்ச்சி நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

“நீங்களா? மூடியத் தெறந்தா? நான் கேக்காமலே?”

“ம்.”

“கும்பிட்டீங்களா?”

“கும்பிட்டேன்னு சொல்ல முடியாது. கேட்டுக்கிட்டேன்.”

“என்னன்னு?”

வாசலில் இருந்தவர் தேத்தண்ணியை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டார். என் பத்திரிகைக் கட்டுரைகள் எல்லாம் வரிசையாக நின்று என்னைப் பார்ப்பதுபோல இருந்தது.

“நீ முடிக்கணும்னு.”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, “வெங்காயம்” என்றாள். பிறகு கேட்டாள்: “கல்யாணம் கட்டினதில இருந்து நீங்க சாமிகிட்ட எத்தன தடவ கேட்டிருக்கீங்க?”

“இது ஒண்ணுதான்.”

“ஒண்ணுக்கே இந்தக் கதி. நல்ல வேள, தெனம் கும்பிடல.”

அதற்குமேல் அவள் அண்ணனால் பொறுக்க முடியவில்லை. கோப்பையை வைத்துவிட்டு உள்ளே வந்தார். முகத்தில் உண்மையான திகில்.

“சுவிச்சிலயா வச்சீங்க? மாப்பிள்ள, சுவிச்சிலயா? ரோலருக்கு வைப்போம், ட்ரையருக்கு வைப்போம், மெயின் பெட்டி மூடிக்கு வைப்போம். எத்தன பூச பண்ணியிருக்கோம். ஓடுறதுக்குத்தான் பொட்டு, ஓட்டுறதுக்கு இல்ல. பேக்டரியில தேயில கூட்டுற ஆளுக்குக் கூட இது தெரியும்.” நான்கு அலுமாரிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். “இவ்வளவு புஸ்தகத்தில ஒண்ணுலயும் இது இல்லியா?”

இல்லை.

மனைவி நாற்காலியை இழுத்து அலுமாரிப் பக்கம் போட்டாள். ஏறினாள். கொப்பிகளைக் கையில் எடுத்தவள், அங்கே நின்றபடியே திரும்பினாள்.

“கடையில என்ன சொன்னீங்க? யார் வச்சதுன்னு?”

நான் அம்மிக்கல்லைப் பார்த்தேன். அது இன்னும் முன்னறையில்தான் கிடந்தது.

“அந்தம்மாவே ஒன்ன நெனைச்சிக்கிட்டாங்க.”

“நீங்க?”

“தலைய ஆட்டினேன்.”

“போன் எடுங்க.”

“நேரம் போகுது, நீ மொதல்ல எழுத...”

“போன் எடுங்க. எடுத்தாத்தான் நான் எறங்குவேன்.”

எடுத்தேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். போட்டேன். “நான்தான், காலையில வந்த... அந்தச் சந்தனம் எங்க வீட்டுக்காரி வைக்கல. நான் வச்சது” என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு ஸ்க்ரூ ட்ரைவரைக் கீழே வைக்கிற சத்தம். “தெரியும் சேர். மிஸ்னு சொன்னப்ப ஒங்க மூஞ்சியப் பாத்தேன்.” பிறகு, “மிஸ்ஸ எழுதச் சொல்லுங்க. நாளைக்கு நாலு மணின்னு சொன்னீங்களே.”

அவள் இறங்கினாள். கொப்பிகளைப் பரப்பினாள். என் நாற்காலியைச் சுட்டி, “அத அந்த மூலைக்குக் கொண்டு போங்க. இன்னும் கொஞ்சம். கை எட்டக் கூடாது” என்றாள். மூன்றரைக்குப் பனி வந்தது. மூன்று பேரும் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பனி ஜன்னலைத் தாண்டி, மேசையைத் தொட்டு, திரையின் ஓரத்தில் மங்கலாகப் படிந்தது. லெப்டொப் அசையவில்லை. அவள் அண்ணன் எழுந்து, சொல்லாமல் கொள்ளாமல், அம்மியைத் தூக்கிக்கொண்டுபோய் இருந்த இடத்தில் போட்டார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கடைசி வரியை எழுதினாள். வீட்டில் சிக்னல் ஒரு கோடுதான். பெரட்டுக் களத்தில் மூன்று கோடு உண்டு. காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கிற அந்த இடத்தில் பின்னேரம் யாரும் இருக்கமாட்டார்கள். லெப்டொப்பை அவள் தூக்கினாள், குடையை நான் பிடித்தேன். சீமெந்துத் திண்டில் வைத்து, என் போனிலிருந்து இணைத்தாள். நீலக் கோடு நத்தை மாதிரி ஊர்ந்தது. பாதியில் நின்றது. நான் வாயைத் திறந்தேன்.

“ஒண்ணும் கேக்காதீங்க” என்றாள். “யார்கிட்டயும்.”

மூடினேன். கோடு மறுபடி நகர்ந்தது. மூன்று ஐம்பத்திரண்டுக்கு, கிடைத்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அவள் அதை மூன்று தடவை வாசித்தாள். நான் ஒரு தடவை வாசிக்கப் பார்த்தேன். எழுத்துகள் தெளிவாக இல்லை. பனிதான்.

எல்லாவற்றையும் மூடிவிட்டு, அவள் அந்த வட்டப் பட்டனை விரலால் அமத்தினாள். உள்ளே போனது. விரலை எடுத்தாள். ‘டிக்’ என்று உடனே மேலே வந்தது.